ஸ்பிதியா, லடாக்கா? பத்து நாள் லீவுக்கு எது கட்டும்

சென்னையில் யாராவது "இமயமலைக்கு பைக்கில் போறேன்" என்றால் அது லடாக் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே கர்துங் லா கணவாயின் பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்காவிட்டால் போய் வந்ததையே ஊர் நம்பாது. ஆனால் நீங்கள் தேடுவது கரடுமுரடான பாதை என்றால், கையில் இருப்பது பத்து நாள் லீவு மட்டும் என்றால், என் ஓட்டு இமாச்சலின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குத்தான். லடாக் ஜெயிக்கிற இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் சாலை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்ததிலிருந்து, மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்குப் போகும் பயணத்தில் ரோத்தங் கணவாய் ஏறும் வேலை இல்லை. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. அதற்கு மேல் பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுங் லா, தங்லங் லா என்று நான்கு கணவாய்கள். கடைசியானது 5,328 மீட்டர். கேட்கும்போது மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் கணவாய்களை ஒட்டியும் வேலை நடக்கிற இடங்களிலும் கிடக்கும் மண்ணைக் கழித்துவிட்டால் மீதி பெரும்பாலும் நல்ல தார் ரோடு. கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளும், பாங் தாண்டி நீளும் மோர் சமவெளியும் ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். ஆனால் அதை ஆஃப்ரோடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கர்துங் லாவுக்கு ஸ்கூட்டரிலேயே ஏறிவிட்டுப் போகிறார்கள்.

ஸ்பிதி சுற்று வேறு ரகம். ஷிம்லாவில் தொடங்கி சட்லெஜ் ஓரமாக கின்னௌர், பிறகு நாக்கோ, டாபோ, காசா. காசாவிலிருந்து லோசர், குன்சும் கணவாய், படல், சத்ரு, கிராம்பூ, அப்புறம் அதே அடல் சுரங்கம் வழியாக மணாலி. படலுக்கும் கிராம்பூவுக்கும் நடுவே சுமார் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறதே, இந்தப் பயணத்தின் உயிர் அதுதான். பெயர் என்னவோ தேசிய நெடுஞ்சாலை 505. தரையில் இருப்பது உருளைக் கல், புழுதி, குறுக்கே ஓடும் பனியுருகல் ஓடைகள். ஐம்பது கிலோமீட்டருக்கு நாலு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். எல்லைச் சாலை அமைப்பு இதை அகலப்படுத்தும் வேலையில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது நல்ல சேதி. உங்களுக்கு இந்தக் கரடுதான் வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் நாலா, மேலே வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் முழங்காலைத் தொடும். அதனால் காசாவிலிருந்து மணாலிக்கு ஒரே நாளில் போகிறவர்கள் இருட்டோடு கிளம்புகிறார்கள். இன்னும் நல்லது, முந்தைய இரவு சந்திரதால் ஏரிப் பக்கக் கூடாரங்களில் தங்கிவிட்டு விடிந்ததும் இறங்குவது. நாலாவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, முன்னால் போகிற ஜீப் எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். அப்புறம் முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைக் கல்லில் ஏறி இடப்பக்கம் நழுவும், உடனே கை தன்னால் பிரேக்கைத் தேடும். பிடிக்காதீர்கள். இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுத் துழாவிக்கொண்டே போனாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். நடுவில் வண்டி சாய்ந்து தண்ணீரில் விழுந்துவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் தள்ளிக் கரையேற்றுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்து, அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்தது உயரம். பத்து நாள் லீவுக்காரர்கள் இதைத்தான் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஷிம்லா வழி இதற்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஷிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, டாபோ 3,280, காசா 3,650. உயரத்தில் இருக்கும் நாக்கோவில் தங்காமல் டாபோவுக்குப் போய்விட்டால் பெரிய தாவலே இல்லை. காசா போய்ச் சேரும்போது உடம்பு பழகியிருக்கும். மறுநாள் கோமிக், ஹிக்கிம், லாங்சா என்று 4,500 மீட்டரைத் தொட்டுவிட்டுக் கீழே வந்து தூங்கலாம். (டாபோவில் தங்கினால் மடாலயத்துக்குப் போகாமல் கிளம்பாதீர்கள். கி.பி. 996-இல் எழுந்த மண்சுவர்கள், உள்ளே கும்மிருட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஓவியங்கள்.)

மணாலி–லே வழியில் முதல் இரவு ஜிஸ்பா, 3,200 மீட்டர். மறு இரவு சர்ச்சு என்றால் ஒரே தாவலில் 4,290. தலைவலி, வாந்தி, தூக்கமில்லாத இரவு என்று நிறையப் பேர் சர்ச்சுவைத் திட்டுவது இதனால்தான். லேவுக்கு நேராக விமானத்தில் போய் இறங்கினாலும் முதல் இரண்டு நாள் ஓட்டலில் படுத்துக் கிடக்க வேண்டும். பத்து நாளில் இரண்டு அங்கேயே போச்சு. லடாக்தான் என்று முடிவு செய்துவிட்டால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். கார்கில் 2,676 மீட்டர்தான் என்பதால் அந்த வழி கொஞ்சம் மெதுவாக உயர்கிறது. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள், நண்பன் கொடுத்தான் என்று விழுங்காதீர்கள்.

வாடகை வண்டி விஷயம் பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. மணாலியில் எடுத்த வாடகை பைக்கில் லே வரை போகலாம். அதே பைக்கில் கர்துங் லா, நுப்ரா, பாங்காங் போக உள்ளூர் வாடகை வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். லேவில் இன்னொரு பைக் எடுக்க வேண்டும், உங்களுடையது சும்மா நிற்கும், அதற்கும் வாடகை ஓடும். சொந்த வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஸ்பிதியில் இமாச்சல் பதிவு வாடகை வண்டியோடு சுற்றை முழுசாக முடிக்கலாம். அனுமதிச் சீட்டும் அப்படித்தான். இந்தியர்களுக்கு ஸ்பிதிக்கு எதுவும் வேண்டாம். லடாக்கில் நுப்ரா, பாங்காங், ஹன்லே போக இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்மவர்கள் கவனிக்க: கின்னௌரிலிருந்து டாபோ வரையிலான எல்லைப் பகுதிக்கு உங்களுக்கு அனுமதி தேவை, ரெக்காங் பியோவில் வாங்கலாம்.

செல்போன்: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஸ்பிதியில் ப்ரீபெய்டே எடுக்கும், ஆனால் காசாவை விட்டுத் தள்ளிப் போனால் எதுவுமே எடுக்காது.

பெட்ரோலில் இரண்டுமே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஸ்பிதிப் பக்கம் ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரி, அடுத்தது காசா. இரண்டுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர், காசாவிலிருந்து மணாலிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை பிரசித்தம். கூடுதலாக ஐந்து லிட்டர் கேன் கட்டிக்கொண்டால் கவலை இல்லை.

லடாக் எங்கே ஜெயிக்கிறது? பரப்பில். ஹன்லேயின் இரவு வானம், பாங்காங்கின் நீலம், 5,798 மீட்டரில் உம்லிங் லா, இவற்றுக்கு ஸ்பிதியில் ஈடு கிடையாது. உடம்புக்கு முடியாமல் போனால் லேவில் பெரிய ஆஸ்பத்திரியும் விமான நிலையமும் உண்டு. காசாவிலிருந்து மணாலி போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். குடும்பத்தில் பாதிப் பேர் விமானத்தில் வந்து சேருவதாக இருந்தால் லேயைத் தவிர வேறு வழி யோசிக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டிலும் ஸ்பிதிக்குப் பின்னடைவுதான். பள்ளத்தாக்குக்குள் மழை குறைவு, ஆனால் அங்கே போகும் கின்னௌர் சாலையில் மலை சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் பேருந்தே புதைந்துபோனது. நான் சொல்வது செப்டம்பர்: மழை ஓய்ந்திருக்கும், நாலாக்களிலும் தண்ணீர் இறங்கியிருக்கும், குன்சும் திறந்தே இருக்கும்.

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கைப் பற்றியும் கேட்பீர்கள். 5,091 மீட்டர் ஷிங்கு லா வழியாக தார்ச்சாவிலிருந்து பதும் போய், அங்கிருந்து நிம்மு வரை நீளும் சாலை 2024 மார்ச்சில்தான் முழுதாக இணைந்தது. அழகு. ஆனால் முதல் இமயமலைப் பயணத்துக்கு வேண்டாம்.

கடைசியாக வண்டி. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும். குன்சுமில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்கு மிஞ்சுவது கிட்டத்தட்ட பாதிதான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் முனகும். நம் சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு 40 குதிரைசக்தி, அதனால் ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் எடை 196 கிலோ. நாலாவில் விழுந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும். எக்ஸ்பல்ஸ் சுமார் 160 கிலோ, தனியாகவே நிமிர்த்திவிடலாம். தனி ஆளாக, உயரம் கொஞ்சம் கம்மியாக இருப்பவராகப் போனால் எக்ஸ்பல்ஸ். ஜோடியாகப் போனால் ஹிமாலயன்.

நாலு சக்கரம் என்றால் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டும் போதும். ஜிம்னி சின்னது, குறுகலான பாதையில் எதிரே லாரி வந்தால் ஒதுங்கச் சுலபம். ஆனால் டர்போ இல்லை. தாருக்கு டர்போ உண்டு, 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று மஹிந்திரா சொல்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது மட்டும் ஒன்று பாருங்கள். 2023 முதல் தாரில் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட மாடலும் வருகிறது, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கதவைத் திறந்து, கியர் தண்டுக்குப் பக்கத்தில் நாலு சக்கர இயக்கத்துக்கான இன்னொரு குட்டித் தண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள்.