வெளிநாட்டு டிக்கெட் எடுக்கிற குமரி மாவட்டத்துக்காரங்க கொஞ்சம் வாசிச்சிட்டுப் போங்க

தங்கச்சிக்கு டொரண்டோவில் பிரசவம். அம்மாவை அனுப்ப மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட்டிடம் டிக்கெட் போட்டேன். "பதினஞ்சு மணி நேரந்தான் அண்ணே, அம்மா உறங்கி எழும்பும்போ கனடா" என்றார். வீட்டுக்கு வந்து நெட்டில் பார்த்தேன். திருவனந்தபுரம் - டொரண்டோ சுமார் 13,750 கி.மீ., விமானத்தில் 15 மணி நேரம் என்று அதிலும் இருந்தது. நம்பிவிட்டேன்.

அந்தக் கணக்கு என்னவென்று பிறகுதான் புரிந்தது. உலக உருண்டையில் ரெண்டு ஊருக்கும் நேராக நூல் பிடித்து, வரும் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுக்கிறார்கள். அவ்வளவுதான். திருவனந்தபுரத்திலிருந்து டொரண்டோவுக்கு நேர் விமானமே கிடையாது.

அம்மாவின் டிக்கெட்டில் கிளம்புவது காலை 4.30, இறங்குவது காலை 9.30. அந்த 9.30 பக்கத்தில் பொடி எழுத்தில் '+1', அதாவது மறுநாள். நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். கோடையில் டொரண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டரை மணி நேரம்! அதில் துபாயில் காத்திருப்பு மட்டும் இருபது மணி நேரத்துக்கு மேல்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஏர்போர்ட் கவுண்டரில், ராத்திரி ஒன்றரை மணிக்கு. "பெட்டி துபாய் வரைக்குந்தான் போகும். அங்க வெளிய எடுத்து திரும்பப் போடணும். விசா இருக்கா?" என்று கேட்டார் அந்தப் பொண்ணு. டிக்கெட் தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ரெண்டு பி.என்.ஆர். அதாவது ரெண்டு முன்பதிவு எண். ஏஜென்ட் ரெண்டு விமானக் கம்பெனியில் தனித்தனியாக வாங்கி ஒட்டவைத்திருக்கிறார்.

பெட்டி எடுக்க வெளியே போக துபாய் விசா இல்லை. அதனால் பெட்டியை விட்டுவிட்டு, கைப்பையோடு அம்மாவை அனுப்பினோம். பிள்ளை பெத்தவளுக்கு இடித்து வைத்த மருந்தும் அச்சுமுறுக்கும் தக்கலைக்கே திரும்பி வந்தன. நல்லவேளை இன்சுலின் கைப்பையில் இருந்தது. ஆனால் கூட வைத்த ஐஸ் துபாயிலேயே உருகிவிட்டது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. இருபது மணி நேரம் நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். "மக்களே, செருப்பு காலுல ஏறமாட்டேங்கு" என்று போனில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஏஜென்ட்டிடம் கேட்டால், "டிக்கெட் போட்டுத் தந்தது நான், விசா உங்க பாடு" என்கிறார். தனி டிக்கெட் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறியிருந்தால், ரெண்டாவது கம்பெனி பொறுப்பே எடுக்காது. அந்தப் பணம் போனதுதான்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம்? ஒரே பி.என்.ஆரா? பெட்டி கடைசி ஊர் வரை போகுமா? வாய்ச்சொல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வயசானவர்கள் என்றால் வீல்சேரும் அப்போதே போடச் சொல்லுங்கள்.

அம்மாவின் ரிட்டன் டிக்கெட்டும் இதே ரெண்டு பி.என்.ஆர். லட்சணத்தில்தான் இருக்கிறது. மாற்ற ஏஜென்ட் கேட்கிற காசுக்கு, ஒரே பி.என்.ஆரில் புதுசாகவே எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.