உப்புக் காற்றில் ஒரு 540

என்னிடம் இருப்பது 1988 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப். டீசல், ஃபோர் வீல் டிரைவ், அதாவது வேண்டும்போது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும். பெஜோ எக்ஸ்டிபி எஞ்சின், 2112 சிசி, நாலு கியர். வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்துத் தெரு. வாங்கிப் பல வருடமாகிறது. வழியில் பார்க்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: "எவ்ளோ குடுக்கும்?", "குடுப்பியா?" முதலாவதற்குப் பதில், ஊருக்குள் லிட்டருக்குப் பத்து, வெளியே பொறுமையாகப் போனால் பன்னிரண்டு. இரண்டாவதற்குப் பதில், மாட்டேன்.

ஓட்டுகிற சுகத்துக்காக இதை வாங்குபவர்கள் சீக்கிரமே விற்றுவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேசணும். பவர் ஸ்டியரிங் கிடையாது. மூலக்கடையில் யூ டர்ன் அடித்தால் தோள்பட்டை சொல்லும். மழைக்கு இருப்பது கித்தான் டாப்பும் பக்கத் திரையும்தான், வலது முழங்கால் நனையாமல் வீடு வந்ததில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அவர்கள் டயர் நம் தலை உயரத்துக்கு உருளும், புகையும் நமக்கே. பட்டுப்புடவை கட்டிய நாளில் என் மனைவிக்கு ஆட்டோதான்.

அப்புறம் எதற்கு இது? என்னைக் கேட்டால், பழைய ஃபோர் வீல் வண்டி என்பது ஓட்டுவதைவிடத் தேடுவதிலும் பார்ப்பதிலும்தான் ருசி அதிகம். பார்க்கத் தெரிந்துவிட்டால் கையில் வண்டியே இல்லாமலும் இந்தப் பித்தை வளர்க்கலாம். ஞாயிறு காலையில் மாதவரம் லாரி நிறுத்தங்கள், மணலி பட்டறைகள், செங்குன்றம் அரிசி ஆலைகளின் கொல்லைப்புறம் என்று ஒரு சுற்றுப் போனால், எங்காவது தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஜோடி உருண்டை விளக்கு தெரியும். கேட்டைத் தட்டி, "சும்மா பாக்கணும் அண்ணே" என்று உண்மையைச் சொன்னால் போதும், பெரும்பாலும் டீயோடு காட்டுவார்கள்.

பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் ஊர் தரகர்களுக்குப் பழைய ஜீப் எல்லாமே 'வில்லிஸ்', எல்லாமே 'வேர்ல்டு வார் வண்டி'. நிஜமான போர்க்கால வண்டி 1941 முதல் 1945 வரை வந்தது. வில்லிஸ் எம்பி ஒன்று, அதே வரைபடத்தில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல். முகப்பில் ஒன்பது துளை இருக்கும். போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்ற சிஜே வரிசையில் அது ஏழாகிவிட்டது. ஃபோர்டு வண்டி என்றால் போல்ட்டுத் தலையைத் துடைத்துப் பாருங்கள், ஆங்கில 'எஃப்' எழுத்து குத்தியிருக்கும். தன் பாகம் எது என்று தெரியணும் என்பதற்காக ஃபோர்டு செய்த வேலை அது.

இங்கே நமக்கு அதிகம் கிடைப்பது சிஜே-3பி வழியில் வந்த மஹிந்திராக்கள். 1940களின் கடைசியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்த கம்பெனி, பிறகு 3பி-யைப் பிடித்துக்கொண்டது. அந்த வண்டியின் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று நிறையப் பேர் கேட்பார்கள். பழைய எஞ்சினில் வால்வு எல்லாம் பக்கவாட்டில் இருந்தது. 3பி-யின் 2.2 லிட்டர் எஞ்சினில் காற்று உள்ளே போகிற வால்வை மேலே, எஞ்சினின் மூடியான ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சின் உயர்ந்தது, பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968இல் அது நின்றது. இங்கே டீசல் எஞ்சின், நீட்டிய சேசிஸ் (அடிச்சட்டம்) என்று வேஷம் மாற்றிக்கொண்டு பல காலம் ஓடியது. என் 540 அந்த வம்சம்தான்.

அதனால்தான் நல்ல மஹிந்திரா ஒன்றில் ஒன்பது துளை முகப்பை வெல்டு அடித்து, பச்சை பெயின்ட் பூசி, வெள்ளை நட்சத்திரம் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அழகு அவரவர் விருப்பம், சரி. ஆனால் ராணுவப் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான் என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் தண்டையார்பேட்டை மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: "இன்னா நைனா மேலயே பாத்துக்கினு இருக்க? கீழ படு." படுத்தால் முதலில் பார்க்க வேண்டியது முன் ஆக்சில். நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கி உருண்டையாக டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற பல்சக்கரப் பெட்டி) தொங்கினால் ஃபோர் வீல். வெறும் குழாய் மாதிரி நேராக ஓடினால் டூ வீல் டிரைவ், விலையும் அதற்கேற்ப. மஹிந்திரா ஜீப்பில் டூ வீல் ஏராளம். வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. டூ வீல் வண்டிக்கு வேறு வண்டியின் முன் ஆக்சிலைக் கோத்து விற்பவர்களும் உண்டு, ஆர்.சி. புக்கில் இருப்பதோடு ஒத்துப்பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பழைய அமைப்பில் ஃபோர் வீல் எப்போதும் போட்டு ஓட்டுவதற்கல்ல. திரும்பும்போது முன் சக்கரங்கள் போகிற தூரம் வேறு, பின் சக்கரங்கள் போகிற தூரம் வேறு. அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் போட்டால் முறுக்கு ஏறி லீவரே வெளியே வராது. எனக்கு இது தேவைப்படுவது நாகலாபுரம் மலையடிவாரம், பழவேற்காட்டு மணல். (தை மாதம் முதல் கோடை வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். அந்த நாளில் கடற்கரை மணலில் டயரை இறக்காதீர்கள்.)

இனி தொந்தரவுகள். பழைய ஜீப்புக்கே உரிய வியாதி ஸ்டியரிங் உதறல். ஐம்பதில் போகும்போது முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழும், உடனே வண்டி பேயாட்டம் ஆடும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். பலர் வீல் பேலன்ஸ் பண்ணி, உதறலை அடக்குகிற டேம்பர் வாங்கி மாட்டிப் பணத்தைக் கரைக்கிறார்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடக்கென்றால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி. கிங் பின்னுக்கு மேலும் கீழும் காகிதம் போல மெல்லிய தகடுகள் இருக்கும், அதைக் கூட்டிக் குறைத்துத்தான் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வார்கள். நம் மெக்கானிக்கிடம் அதற்கென்று கருவி இல்லை. காசிமேட்டில் மீன் நிறுக்கிற வில் தராசு ஒன்று வைத்திருக்கிறார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு முன் சக்கரத்தையும் சேர்க்கிற டை ராடு மாட்டுகிற ஓட்டையில் தராசின் கொக்கியைப் போட்டு இழுப்பார். திரும்பத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு தகடை எடுப்பார், இல்லை சேர்ப்பார். அவர் கைபட்ட பிறகு என் வண்டி உதறியதில்லை.

இந்த மாதிரி கைகள் இருப்பதால்தான் வடசென்னையில் பழைய வண்டி வைத்திருப்பது சுலபம். ஆஸ்டின் காரில் ஆரம்பித்து அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரில், 1950களிலிருந்து என்ஃபீல்டு திருவொற்றியூரில், சுற்றிலும் துறைமுக லாரிகள். மூன்று தலைமுறையாக லேத்தும் பட்டறையும் இங்கே ஓய்ந்ததில்லை. கிடைக்காத புஷ்ஷை வியாசர்பாடியில் கடைந்து தருவார்கள். அமுங்கிப்போன ஸ்பிரிங் பட்டையைப் பிரித்து, வளைவு ஏற்றி, மாலைக்குள் பூட்டிவிடுவார்கள். அடையாறில் இருக்கும் நண்பர் இதற்கெல்லாம் என்னிடம்தான் வண்டியை அனுப்புகிறார்.

ஆனால் இதே ஊரின் காற்றுதான் வண்டியைத் தின்கிறது. கடலோரத்தில் துரு வெளியே தெரிவதற்குள் உள்ளே வேலையை முடித்துவிடும். ஓட்டுநர் கால் வைக்கும் தகடு, சேசிஸின் பின் குறுக்குச் சட்டம், சேறு தங்குகிற மூலைகள், இந்த இடங்களைத்தான் நான் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் இரும்பு, சொத்தென்றால் பட்டியும் பெயின்டும். மாதத்துக்கு ஒரு தடவை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் காயவைக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் சேசிஸில் மட்டும் பழைய ஆயில் பூச்சு. பிரேக் பக்கமும் ரப்பர் புஷ் பக்கமும் அது போகக்கூடாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இந்த வண்டி சம்பாதித்த பெயர் இன்றும் தெருவில் இருக்கிறது. டீசலுக்கு ஸ்பார்க் வேண்டாம். ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறாதவரை எஞ்சின் நிற்காது. பால், பிரெட், ஒரு பிரசவக் கேஸ் எல்லாம் இதில்தான் போனது. அந்தத் தண்ணீரில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெயும் கலந்திருந்தது. வற்றிய பிறகு கதவு உயரத்துக்கு வண்டியைச் சுற்றி ஒரு கருப்புக் கோடு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. இப்படித் தண்ணீரில் இறங்கினால் அடுத்த நாளே டிஃபரன்ஷியல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர், உடனே மாற்றணும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால் கொஞ்ச தூரம் பெடலை லேசாக மிதித்தபடியே ஓட்டிக் காயவைப்பதும் முக்கியம்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2021 ஜூலையிலிருந்து விண்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் 'வி.ஏ.' வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், தினசரி ஓட்டக்கூடாது. என் வண்டிக்கு அந்த வயது வரவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி.யும் பசுமை வரியும்தான் வழி. முன்பு அரசு ஏலத்தில் நல்ல ஜீப்புகள் வரும். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரலோடு ரத்து செய்து உடைக்க அனுப்ப ஆரம்பித்த பிறகு அந்த ஊற்று வற்றிவிட்டது. இருப்பவை விலை ஏறுகின்றன.

முதல் வண்டி எது வாங்கலாம் என்றால், ஜீப் வேண்டாம், மாருதி ஜிப்ஸி என்பேன். 1985இல் வந்து 2019 வாக்கில்தான் நின்றது என்பதால் உதிரி பாகம் கிடைக்கிறது, எடை குறைவு, மணலில் அது போகிற இடத்துக்கு என் 540 மூச்சு வாங்கித்தான் வரும். பின்சீட்டில் உட்காருகிறவர்கள் மட்டும் திட்டுவார்கள்.

என் சொந்த ஆசை ஜோங்கா. நிசானின் 'பேட்ரோல்' (Patrol) என்ற வண்டியை வைத்து ஜபல்பூரில் ராணுவத்துக்காக 1969 முதல் முப்பது வருடம் செய்தது, ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். செங்குன்றத்தில் ஓர் ஆலைக்காரர் ஒன்று வைத்திருக்கிறார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார், அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காகவே போகலாம். விற்க மாட்டாராம். "ஓட்டணும்னா எடுத்துக்கினு போ தம்பி, பெட்ரோல் மட்டும் உன்னுது" என்கிறார். லிட்டருக்கு நாலைந்துதான் கொடுக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.