கொடுவா மீன் குஞ்சை உயிரோட வச்சுப் பாக்கிற மைக்ரோஸ்கோப் செட்டப்: சில வருசம் பாவிச்ச பிறகு

கொழும்பில எங்கட சின்ன லாப்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், அதுக்கு மேல ஒரு கமெரா, கீழ எல்இடி லைட், இவ்வளவுதான் சாமான். சில வருசமா இதிலதான் கொடுவா முட்டையும் குஞ்சும் பாக்கிறன். வாங்க யோசிக்கிற ஆக்கள் முதல் கேக்கிறது "எத்தினை மடங்கு பெருப்பிக்கும்?" எண்டு. என்னைக் கேட்டா அது கடைசியாக் கேக்க வேண்டிய கேள்வி. கொடுவா முட்டை 0.8 மில்லிமீட்டர் அளவு, கண்ணாடி மாதிரித் தெளிவு, உள்ள ஒரு எண்ணெய்த் துளி, 40 மடங்கே போதும். லென்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் இடையில கை போற அளவு இடம் இருக்கா, லைட் சூடாகாதா, இந்த ரெண்டையும் பாத்து வாங்குங்கோ.

எனக்கு இந்த செட்டப் காசுக்குப் பெறுமதி எண்டு விளங்கினது காத்துப்பை (மீன் தண்ணியில மிதக்க உதவிற உள்பை) விசயத்திலதான். கொடுவாக் குஞ்சு பொரிச்சு முதல் சில நாளுக்குள்ள தண்ணி மேல வந்து ஒரு வாய் காத்து விழுங்கோணும், அந்தக் காத்து ஒரு சின்னக் குழாய் வழியாப் போய் பையை நிரப்பும், பிறகு அந்தக் குழாய் மூடிப்போகும், அதுக்குப் பிறகு இன்னொரு சான்ஸ் இல்லை. தண்ணி மேல எண்ணெய்ப் படலம் கிடந்தா குஞ்சால அதை உடைச்சுக்கொண்டு வர ஏலாது. தீனிக்குச் சத்தேத்த எண்ணெய் கலக்கிறம்தானே, படலம் அதாலயே வரும். பை நிரம்பாத குஞ்சு ஒரேயடியாச் சாகாது, தலையை மேல தூக்கி நீந்தி நீந்திக் களைச்சு, பிறகு முள்ளந்தண்டு வளைஞ்சு வரும், விக்கேலாது. வெறுங்கண்ணால அந்த வளைவு தெரியிறதுக்குள்ள தீனிக் காசு, ஆள் கூலி எல்லாம் போய்ச்சுது. லைட்டைக் கீழ இருந்து விட்டா முதுகுக்குக் கீழ பளிச்செண்டு ஒரு குமிழி நிக்குதா இல்லையா எண்டு அப்பவே எண்ணிப்போடலாம், குறைவா இருந்தா டாங்கில ஸ்கிம்மர் (அந்த எண்ணெய்ப் படலத்தை அள்ளிற சாமான்) சரியா வேலை செய்யுதா எண்டு அண்டைக்கே பாக்கலாம்.

குடலும் அப்பிடித்தான். ரொட்டிபர் (குஞ்சுக்குப் போடுற மிகச் சின்ன உயிர்த்தீனி) திண்டிருக்கா எண்டு நேராத் தெரியும், நீல லைட்டும் ஒரு பில்டரும் இருந்தா ரொட்டிபர் திண்ட பாசியின்ர பச்சையம் சிவப்பா மினுங்கும், ஒரு சாயமும் போடத் தேவையில்லை.

ஏசி பெரிய தலையிடி. லாப் ரூமை 24 டிகிரில வச்சிருப்பினம், குஞ்சு வந்தது 28, 29 டிகிரித் தண்ணியில. டிஷ்ல கொஞ்சத் தண்ணிதானே, சட்டெண்டு ஆறும், குளிர இதயத் துடிப்பும் இறங்கும். அதை எண்ணி "இந்த பாட்ச் பலவீனம்" எண்டு எழுதினா அது பொய்க் கணக்கு. சூடாக்கிற ஸ்டேஜ் (டிஷ் வைக்கிற தட்டு) ஒண்டு கட்டாயம் வேணும், கமெராவில மிச்சம் பிடிச்சாவது இதுக்குக் காசு போடுங்கோ.

குஞ்சு அசையாம இருக்க மயக்கிறதுக்கு ட்ரிகெய்ன் எண்ட மருந்து. அது அமிலம், அதால நன்னீர் மீனுக்கு சோடியம் பைகாபனேட் போட்டுச் சமப்படுத்தோணும், கடல்தண்ணிக்கு அமிலத்தைச் சமப்படுத்திற சக்தி ஓரளவு தன்னிலயே இருக்கு. கராம்பு எண்ணெயும் வேலை செய்யும், ஆனா எதுவெண்டாலும் கூடினா துடிப்பு இறங்கும், துடிப்புத்தான் வேணுமெண்டா மெதில்செலுலோஸ் எண்ட தடிப்பான கூழ்ல கிடத்தி வீடியோ எடுக்கிறது நல்லம். ஸீப்ராபிஷ் (லாப்ல ஆராய்ச்சிக்கு வளக்கிற சின்ன நன்னீர் மீன்) ஆக்கள் மீனின்ர உடம்பு கறுக்காம இருக்க பிடியு எண்டொரு மருந்து போடுவினம். வளர்ப்பு மீனில அதைத் தொடவேண்டாம், அது தைரொய்ட்டையே குழப்பும், பிறகு வளர்ச்சியை என்னத்தப் பாக்கிறது?

ஸீப்ராபிஷ் எண்டோண்ண இன்னொண்டு. கரு எத்தினை மணியில எந்தக் கட்டத்துக்கு வரும் எண்டு காட்டுற, 1995ல வந்த ஸீப்ராபிஷ் அட்டவணையை எல்லாரும் வச்சிருப்பினம், அது 28.5 டிகிரிக்கு எழுதினது, ஸீப்ராபிஷ் பொரிக்க ரெண்டு மூண்டு நாள் எடுக்கும், கொடுவா ஒரு நாளுக்குள்ளயே பொரிச்சிடும். மணிக்கணக்கைப் பாக்காம கண், வால், இதயம் எது வந்திட்டுது எண்டு பாத்து எழுதினாத்தான் ரெண்டு பாட்சை ஒப்பிடலாம்.

லைட்-ஷீட் மைக்ரோஸ்கோப் (மெல்லிய தகடு மாதிரி ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்கிறது) பற்றியும் கேக்கினம். 2004ல வந்த அருமையான சாமான், உயிரோட இருக்கிற கருவை மணிக்கணக்காப் பொசுக்காமப் படம் எடுக்கும். ஆனா பொரிப்பகத்துக்கு அது தேவையில்லை, ஒளிரும் ஜீன் போட்ட மீன் இல்லாட்டி அதின்ர பாதிச் சக்தி வீண்.

பராமரிப்புத்தான் இஞ்ச தொல்லை. கடற்கரை ஊர், ஈரக்காத்து, லென்ஸில பூஞ்சை பிடிக்கும், அதால வேலை முடிஞ்சோண்ண சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள்ள வைக்கோணும். உப்புத்தண்ணி ஒரு சொட்டு ஸ்டேஜில விழுந்தாலும் அப்பவே நல்ல தண்ணியால துடையுங்கோ, காயவிட்டா ஸ்குரூ இறுகும். 2022ல கறண்ட் வெட்டு நேரம் ராத்திரி டைம்லாப்ஸ் எல்லாம் நடுவில அறுந்துது, யூபிஎஸ் வாங்கேக்க கமெராவோட சூட்டு ஸ்டேஜையும் சேத்துக் கணக்குப் போட்டு வாங்குங்கோ, அதுதான் கூடக் கறண்ட் இழுக்கும்.