‘போர்டு போயிடுச்சு மேடம்’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கம்பெனியே போட்டுக்கொடுக்கும் ‘சப்போர்ட்’ செயலியை நம்பி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை. உலகம் முழுக்க விற்கும் பெரிய கம்பெனி என்பது மட்டும் போதும். எங்கள் வீட்டில் இது அவர்களுடைய மூன்றாவது லேப்டாப்.

நான் புத்தக வடிவமைப்பு வேலை செய்கிறேன். டிசம்பர் வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் எல்லாப் பதிப்பகத்துக்கும் எல்லாப் புத்தகமும் வேண்டும். அன்றும் இரண்டு புத்தகங்களின் கடைசித் திருத்தம் முடித்து, இரவு பதினொன்றரைக்கு மூடப்போனேன். ‘அப்டேட் செய்து ஷட்டவுன்’ என்று காட்டியது. அழுத்தினேன், சார்ஜர் செருகியே இருந்தது, போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பட்டனை அரை நிமிடம் அழுத்திப்பிடித்தேன், சார்ஜரைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே எடுத்துப்போன பையன் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தான். “போர்டு போயிடுச்சு மேடம். வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. போர்டு மாத்த முப்பத்தி நாலாயிரம்.” போர்டு என்றால் மதர்போர்டு, கணினியின் பாகங்களெல்லாம் இணையும் முதன்மைப் பலகை. ராத்திரி அப்டேட் ஓடியது, அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது என்றேன். “அப்டேட்ல போர்டு போகாது மேடம்” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் இருந்த படிவத்தைத் தலைகீழாகப் பார்த்தேன். திரை, கீபோர்டு, பேட்டரி, போர்டு என்று பாகங்களின் பெயர்தான் வரிசையாக இருந்தது. மென்பொருள் கோளாறு என்று டிக் அடிக்க ஒரு கட்டமே இல்லை. கம்பெனி அனுப்பிய அப்டேட் தவறு என்று அவன் எழுத நினைத்தாலும் எங்கே எழுதுவான்? கீழே ஒரு வரி இருந்தது: தகவல்கள் அழிந்தால் நிறுவனம் பொறுப்பல்ல. நான் கையெழுத்துப் போடவில்லை. பார்த்த கூலி 700 ரூபாயைக் கட்டிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது அதற்கு முன்பு நடந்த இன்னொரு கூத்து. ஏப்ரலில் கம்பெனியின் இதே ‘சப்போர்ட்’ செயலி ஒரு பயாஸ் அப்டேட் போட்டது. பயாஸ் என்பது பட்டனை அழுத்தியதும் கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள். மறுபடி திறந்தபோது நீலத் திரை, விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நான் பிட்லாக்கர் போட்டதே இல்லையே என்று குழம்பினேன். விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே போனால், பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. பயாஸ் மாறினால் கணினிக்கு, ‘இது பழைய இயந்திரம்தானா?’ என்று சந்தேகம் வந்து சாவி கேட்கிறது. அதனால்தான் பயாஸில் கை வைக்குமுன் அந்தப் பூட்டை அப்டேட் மென்பொருளே தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். இவர்களுடையது அதைச் செய்யவில்லை. அன்று ஃபோனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியைத் தேடி எடுத்தேன், பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதிவைத்தேன்.

அந்த அட்டைதான் டிசம்பரில் கைகொடுத்தது. தகவலெல்லாம் சேமித்திருக்கும் வட்டான எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி டப்பா ஒன்றில் போட்டு, தங்கையின் கணினியில் செருகி, 48 எண்ணையும் அடித்தேன். இரண்டு புத்தகமும் முழுசாக இருந்தன. சாவி இல்லாமல் இருந்தால் அந்த எஸ்எஸ்டி வெறும் தகடு. இதைப் படித்து முடித்ததும் வேறெதுவும் செய்யாவிட்டாலும் அந்தச் சாவியை மட்டும் தாளில் எழுதிவையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்துப் புண்ணியமில்லை.

அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. மாடியில் இரண்டு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள ஒரு கடை. அவர் லேப்டாப்பைப் பிரித்து, எட்டுக் கால் உள்ள ஒரு குட்டிச் சிப்பைக் காட்டினார். “அக்கா, போர்டுக்கு ஒண்ணுமில்ல. பயாஸ் பாதியில கெட்டிருக்கு. திரும்ப எழுதினா போதும்.” சிப்பில் இருந்ததை முதலில் படித்து எடுத்துவைத்தார், அதில் சீரியல் நம்பர் எல்லாம் இருக்குமாம். பிறகு நல்ல பிரதியை ஏற்றினார். முக்கால் மணி நேரம். கம்பெனியின் சின்னம் திரையில் வந்தது, உடனே பிட்லாக்கர் சாவி கேட்டது, நோட்டு கையிலேயே இருந்தது. கூலி 1,800 ரூபாய். அந்த வாரம் இதே மாடல் அவருக்கு இது மூன்றாவதாம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கம்பெனியின் இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். என் கணினியில் ஏறிய பயாஸ் வெர்ஷனே பட்டியலில் இல்லை. அதற்கு முந்தையது இருக்கிறது, அடுத்தது இருக்கிறது, நடுவில் ஒரு பல் விழுந்தது மாதிரி இடைவெளி. புதியதன் குறிப்பில் ‘நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்று இரண்டே வார்த்தை. திரும்பப் பெற்றார்கள் என்றால் கோளாறு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லவில்லை, அங்கே போர்டை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய கம்பெனி தவறே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 8.0.1 ஏறிய புது ஐபோன்களில் சிக்னலே போயிற்று, அன்றைக்கே நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாளில் அதை நிறுத்திவிட்டு, நவம்பரில் சரிசெய்து மறுபடி விட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ப்ராசஸர்களில் இருந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த பயாஸ் அப்டேட்களால் கணினிகள் தானாக ரீஸ்டார்ட் ஆனபோது, அவற்றைப் போடாதீர்கள் என்று ப்ராசஸர் தயாரிக்கும் இன்டெலே வெளிப்படையாகச் சொன்னது. சொன்னார்கள், அதுதான் வித்தியாசம்.

அந்த ஓட்டைகளுக்குப் பிறகு பயாஸ் அப்டேட்டே வேண்டாம் என்றும் இருக்க முடியவில்லை. எங்களுடைய முதல் லேப்டாப் 2013-ல் வாங்கியது. ஏழு வருடம் ஓடியது, அதன் பயாஸை யாரும் தொட்டதில்லை. இந்த லேப்டாப்புக்குப் பதினாலு மாதத்தில் ஐந்து பயாஸ் அப்டேட். அந்த ‘சப்போர்ட்’ செயலியோ பாதி நேரம் வாரண்டி நீட்டிப்பு விற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது நான் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டேன். பல மாடல்களில் விண்டோஸ் வழியாகப் பயாஸ் ஏறுவதை பயாஸ் அமைப்புக்குள்ளேயே தடுக்கலாம், என்னுடையதிலும் இருந்தது. புது வெர்ஷன் வந்தால் மூன்று வாரம் விட்டுப் பார்க்கிறேன். பட்டியலிலிருந்து மறையாமல் இருந்தால், கையில் அவசர வேலை இல்லாத ஒரு பகலில் நானே போடுகிறேன்.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ‘பயாஸைச் சமீபத்திய வெர்ஷனுக்கு அப்டேட் செய்து பார்க்கவும்’ என்று பதில் வந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், 700 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ரிச்சி தெருவில் கொடுத்த 1,800? அது ‘அங்கீகாரமில்லாத பழுது’ என்றார். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, சர்வீஸ் சென்டர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்டேட் போட்ட மறுநாள் உங்களுக்கும் போர்டு போயிற்று என்று சொன்னார்களானால், பயாஸ் வெர்ஷன் எண்ணோடு 1915-ல் பதியுங்கள். என்னிடம் அந்தக் கம்பெனி ஆள் பேசியபோது, ‘இப்படி ஒரு புகார் உங்களிடமிருந்து மட்டும்தான் மேடம் வந்திருக்கு’ என்றார்.