இடமாற்று முறையா, சமநிலை முறையா?

ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமன்பாட்டைத் தீர்க்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள் கற்பிக்கப்படுகின்றன. இருபுறமும் ஒரே செயலைச் செய்துகொண்டே போய் மாறியைத் தனியே நிறுத்துவது சமநிலை முறை. ஓர் உறுப்பைக் குறி மாற்றி மறுபுறம் எழுதுவது இடமாற்று முறை. மாறியைக் ‘க’ என்று குறித்து, 5க − 7 = 2க + 11 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். இடமாற்று முறையில் 5க − 2க = 11 + 7 என ஒரே வரியில் எழுதி, 3க = 18, க = 6 என்று முடித்துவிடலாம். சமநிலை முறையிலோ இருபுறமும் 7ஐக் கூட்டி, 2கவைக் கழித்து, பிறகு 3ஆல் வகுக்க வேண்டும். வேகத்தில் இடமாற்று முறைக்கே வெற்றி.

ஆனால் −3க = 12 என்று வரும்போது நிலைமை மாறுகிறது. ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர், −3 மறுபுறம் போய் +3 ஆகிவிடும் என்று கருதி, 12ஐ 3ஆல் வகுத்து க = 4 என எழுதிவிடுகிறார். குறி மாறுவது கூட்டலாலோ கழித்தலாலோ இணைந்த உறுப்புக்குத்தான்; கெழுவாக, அதாவது மாறியைப் பெருக்குவதாக, நிற்கும் எண் தன் குறியோடுதான் மறுபுறத்தை வகுக்கும். இருபுறமும் −3ஆல் வகுப்பவருக்கு இந்தக் குழப்பமே எழுவதில்லை; க = −4 என்று நேராக வந்துவிடும். பின்னங்களிலும் இதே கதைதான்: க/3 + 5 = 11 என்பதில் 3ஐ மறுபுறம் ‘அனுப்பி’ க + 5 = 33 என்று எழுதுபவர், 5ஐயும் 3ஆல் பெருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். சரியான வரி க + 15 = 33; விடை 18.

பழைய எகிப்தியர் கையாண்ட மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஓர் எண்ணுடன் அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19 என்பது, சுமார் கி.மு. 1550ஐச் சேர்ந்த ரைண்ட் பாப்பிரஸ் என்னும் எகிப்தியக் கணிதச் சுவடியில் உள்ள கணக்கு. விடையை 7 என்று பொய்யாக வைத்துக்கொண்டால் 8 கிடைக்கும். 8ஐ 19 ஆக்கும் அதே விகிதத்தில் 7ஐயும் பெருக்கினால் 16 5/8 வரும். அழகான உத்திதான், ஆனால் மாறியோடு ஒரு மாறிலியும் (மாறாத தனி எண்ணும்) சேர்ந்து நின்றால் விகிதம் குலைந்துவிடும். 2க + 3 = 15 என்பதில் க = 3 என்று வைத்தால் 9 கிடைக்கிறது; அதை விகிதப்படுத்தினால் 5 வரும், உண்மையான விடையோ 6.

ஆகவே தொடக்க நிலையில் சமநிலை முறையையும், அதன் காரணம் மனத்தில் பதிந்த பிறகு அதன் சுருக்கெழுத்தாக இடமாற்று முறையையும் கைக்கொள்வதே சரி என்பது என் கருத்து. 2க + 3 = 2க + 5 போன்ற சமன்பாட்டில் இந்த வரிசையின் பயன் தெரியும். எல்லாவற்றையும் இடம் மாற்றி 0 = 2 என்ற வரிக்கு வந்து, ‘க எங்கே போயிற்று?’ என்று திகைப்பவர் ஒருவர்; இருபுறமும் 2கவைக் கழித்ததும் 3 = 5 என்ற பொய்க் கூற்று எஞ்சுவதைக் கண்டு, எந்த மதிப்பும் இதை நிறைவு செய்யாது, தீர்வே இல்லை என்று தயங்காமல் எழுதுபவர் மற்றொருவர்.