"இலங்கைக்கென்றே செய்தது" என்று கணக்கு சொஃப்ட்வெயார் விற்க வந்தால் கவனம்

சங்கம், முன்பள்ளி, சின்ன நிறுவனம் என்று கணக்கு எழுதுகிற எல்லாருக்கும் இது. நுவரெலியா மாவட்டத்தில் ஒருவர் லப்டொப்போடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். சம்பளம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), வரிப் படிவம் எல்லாம் ஒரே பொத்தானில் வரும் என்பார். ஹட்டன் பக்கம் முன்பள்ளிகள் நடத்துகிற எங்கள் சங்கத்துக்கும் வந்தார். "இலங்கைக்கென்றே செய்தது மிஸ்" என்று எங்கள் செயலாளரிடம் அடித்துச் சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்.

அது இந்தியாவுக்குச் செய்த சொஃப்ட்வெயார்.

முதலில் கண்டுபிடித்தவர் பொகவந்தலாவையிலிருந்து வருகிற ஒரு டீச்சர். "கையில வர்ற காசு கொறஞ்சிருச்சே மிஸ்?" என்று சம்பளச் சீட்டை நீட்டினார். 30,000 ரூபாய்க்கு ஈபிஎஃபில் ஊழியர் பங்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபாய்தான் கழிய வேண்டும். 3,600 கழிந்திருந்தது. இந்தியாவில் ஊழியரிடம் பிடிப்பது 12 வீதம். இங்கே 12 என்பது நிறுவனம் தன் பக்கத்திலிருந்து போடுவது. அந்த 12ஐயும் இந்திய முறைப்படி ஓய்வூதியம், சேமநிதி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியது. நாம் கட்டவேண்டிய ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதத்துக்கு அதில் இடமே இல்லை. விற்றவரைக் கேட்டதற்கு "சட்டம் மாறிட்டுது" என்றார். பச்சைப் பொய். லயத்துக் காம்பிராவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிற டீச்சர் பிள்ளைகளின் சம்பளம் அது. 1,200 ரூபாய் அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரி விஷயம் இதைவிடப் பயம். "படிவம் நானே போட்டுத் தாறேன்" என்று டின் என்கிற வரி அடையாள இலக்கத்தையும் இறைவரித் திணைக்கள இணையச் சேவையின் கடவுச்சொல்லையும் வாங்கி, தொடர்பு ஈமெயிலாகத் தன்னுடையதைப் பதிந்துவிட்டார். சங்கத்துக்கு வரவேண்டிய அறிவித்தல்கள் அவருக்குப் போயின. மார்ச் 31இல் முடிகிற வருடத்தின் வருமான வரிப் படிவத்துக்கு நவம்பர் 30 கடைசி நாள். அது நெருங்கியபோது ஃபோனை எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தவர், கணக்குக் கோப்பின் பாஸ்வேர்டைத் தர "புதுப்பிப்புக் கட்டணம்" கேட்டார். கணக்குப் பதிவுகளை 5 வருடம் வைத்திருக்கவேண்டியது நாங்கள், பூட்டின் சாவி அவரிடம்!

வாங்குமுன் உங்கள் ஆள் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை அவர் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். 8, 12, 3 வந்து, ஈபிஎஃபுக்கு மாதாமாதம் அனுப்புகிற சி படிவமும் சரியாக அச்சாக வேண்டும். மெனுவில் ஜிஎஸ்டி, பான் என்று இந்திய வரிச் சொற்களைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். நமக்கு இருப்பது வற் (VAT) வரி. பதிவுகளை எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டும் வரிக் கணக்கின் ஈமெயில், ஃபோன் இலக்கமும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். சங்கம் நேரடியாகத் திணைக்களத்திடம் கேட்க 1944 இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள், இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். டீச்சர்மாருக்குக் குறைந்த காசைச் சங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டது; அவர் இன்னும் ஒரு சதம் தரவில்லை.