சொந்த போலீஸா, கவுன்டி போலீஸா?

அமெரிக்காவில் ஒரு சின்ன நகரம் தனக்கென்று போலீஸ் துறை வைத்துக்கொள்ளலாம். அல்லது, கிட்டத்தட்ட நம் மாவட்டம் போன்ற கவுன்டியிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம்.

சொந்தத் துறை என்றால் போலீஸ் தலைவர் நகர நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர். தெருவில் நடந்த அத்துமீறலுக்கு நகர மன்றக் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை இதற்கு ஈடே இல்லை. ஆனால் சம்பளம், ஓய்வூதியம், வழக்குகளில் கொடுக்கும் இழப்பீடு என்று எல்லாம் நகரத்தின் தலையில்தான் விழும்.

கவுன்டியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறையை 1954-இல் கலிஃபோர்னியாவின் லேக்வுட் நகரம் தொடங்கிவைத்தது. 2000-இல் காம்ப்டன் நகரம் தன் போலீஸ் துறையையே கலைத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் போனது. செலவு பகிரப்படும், தடயவியல் கூடமும் கிடைக்கும், சரி. ஆனால் ஷெரிஃபைத் தேர்ந்தெடுப்பது மொத்த கவுன்டி. அதில் காம்ப்டனின் ஓட்டு எத்தனை?

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணமில்லாமல் 2011-இல் போலீஸாரில் ஏறக்குறைய பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2012-இல் 67 கொலைகள். 2013-இல் பழைய துறையைக் கலைத்து, கவுன்டியின் பெயரில் புதிய படை அமைத்தார்கள். காவலர்கள் காரை விட்டிறங்கித் தெருவில் நடந்தார்கள். கொலைகளும் பின்னாளில் நன்றாகக் குறைந்தன. அதே படைதான் தொடக்கத்தில், சைக்கிளில் மணி இல்லை என்றுகூட ஏழைகளுக்கு அபராதச் சீட்டு கொடுத்தது.

இரவுப் பணிக்கு ஒரே ஒரு காவலரை மட்டும் நிறுத்த முடிகிற ஊர் என்றால், நான் கவுன்டியிடமே போகச் சொல்வேன். வசதியுள்ள ஊர் சொந்தத் துறையை விட்டுக்கொடுக்கக் கூடாது.